42-ஆவது இடம்: ஸ்காட்லாந்தின் கீழ் லீக்குகளும் பிரமிடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஞ்சர்ஸ், செல்டிக் இரண்டையும் தாண்டி அந்த நாட்டில் கால்பந்து இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கம் பயன்படாது. முன்னூறு பேர் மழையில் நின்று பார்க்கும் ஆட்டங்கள், அவற்றை ஆடும் கிளப்கள், அந்தக் கிளப்கள் மேலே ஏறுவதற்கு விட்டுவைத்திருக்கும் ஒரே ஒரு வாசல், இவைதான் இங்கே விஷயம். பிரமிடு என்பது ஆடி ஜெயித்தால் அடுக்கு அடுக்காக ஏறி, தோற்றால் இறங்கும் அமைப்பு.

மொத்தம் எத்தனை அடுக்கு?

எஸ்.பி.எஃப்.எல். (ஸ்காட்டிஷ் புரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) என்ற தொழில்முறை லீக்கில் 4 பிரிவுகள், 42 கிளப்கள். பிரிமியர்ஷிப்பில் 12, சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ மூன்றிலும் தலா 10. அதற்குக் கீழே ஐந்தாம் அடுக்கு இரண்டாகக் கிளைக்கிறது: வடக்கே ஹைலேண்ட் லீக், தெற்கே லோலேண்ட் லீக். ஆறாம் அடுக்கு இன்னும் சிதறலானது. கிழக்கு, மேற்கு, தெற்கு ஸ்காட்லாந்து லீக்குகள் லோலேண்டுக்குக் கீழே. மிட்லண்ட்ஸ், நார்த் கலிடோனியன் போன்றவை ஹைலேண்டுக்குக் கீழே.

‘தொழில்முறை’ என்ற சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லீக் டூ ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள்.

பிரமிடு வருவதற்கு முன் புதுக் கிளப் எப்படி உள்ளே வந்தது?

உள்ளே ஒரு கிளப் செத்தால் வரலாம். இல்லாவிட்டால், உள்ளே இருப்பவர்கள் வீட்டை இழுத்துக் கட்டும்போது வரலாம். இரண்டுமே உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது.

1994-இல் லீக்கை நான்கு பத்துகளாக மாற்றி அமைத்தபோது இரண்டு இடங்கள் காலியாயின. ராஸ் கவுன்ட்டியும் கலிடோனியன் திசிலும் உள்ளே வந்தன. இதில் இரண்டாவது, இன்வெர்னெஸ் நகரத்தின் இரண்டு பழைய கிளப்களை இதற்காகவே இணைத்து உருவாக்கியது. அந்த இணைப்பை மன்னிக்காத ரசிகர்கள் அந்த ஊரில் ரொம்ப காலம் இருந்தார்கள். 2000-இல் மேல் லீக் 12 ஆக விரிந்தபோது எல்ஜின் சிட்டி, பீட்டர்ஹெட். 2002-இல் ஏர்ட்ரியோனியன்ஸ் கடனில் மூழ்கியபோது கிரெட்னா. 2008-இல் அதே கிரெட்னா மூழ்கியபோது ஆனன் அத்லெட்டிக்.

2002 கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏர்ட்ரி ஊர்க்காரர்கள் ஏர்ட்ரி யுனைடெட் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி அந்தக் காலியிடத்துக்கு விண்ணப்பித்தார்கள். ஓட்டில் கிரெட்னாவிடம் தோற்றார்கள். உடனே என்ன செய்தார்கள்? பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த கிளைட்பேங்க் கிளப்பை விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, அதன் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆடி ஜெயித்து நுழைய வழியில்லாத இடத்தில் ஆள் இப்படித்தான் நுழைவான்.

உள்ளே இருந்தவர்களுக்குக் கீழே இறங்கும் பயமே இல்லையா?

இல்லை. ஃபால்கர்க் ஊரைச் சேர்ந்த ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர் 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து சீசன் கடைசி இடம். 2003-04-இல் 36 ஆட்டத்தில் எடுத்தது 8 புள்ளி. ஆறாவது வருடமும் அதே லீக்கில் ஆடியது. (சர் அலெக்ஸ் ஃபெர்கூசன் 1974-இல் முதன்முதலில் மேலாளராக உட்கார்ந்தது இந்தக் கிளப்பில்தான். அவர் அதிக நாள் உட்காரவில்லை.)

பிரமிடுக்கு முந்தைய ஆண்டுகளில் வடக்கே கோவ் ரேஞ்சர்ஸ் ஹைலேண்ட் லீக்கைப் பலமுறை வென்றது. வென்று என்ன செய்ய? கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி அதே ஊர்களுக்கு அதே பஸ்ஸில் போக வேண்டியதுதான். 2008 காலியிடத்துக்கு விண்ணப்பித்துத் தோற்ற நான்கு கிளப்களில் கோவும் ஒன்று. மற்றவை எடின்பரோ சிட்டி, ஸ்பார்ட்டன்ஸ், பிரெஸ்டன் அத்லெட்டிக். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

பிறகு எப்படி மாறியது?

2010-இல் முன்னாள் முதலமைச்சர் ஹென்றி மெக்லீஷ் ஸ்காட்லாந்துக் கால்பந்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். லீக்குகளை இணைக்க வேண்டும், கீழிருந்து மேலே வழி வேண்டும் என்றது அது. அறிக்கையோடு நின்றிருக்கும். 2012-இல் ரேஞ்சர்ஸ் நிறுவனம் திவாலாகி, புதிய நிறுவனத்தின் பெயரில் நான்காம் பிரிவிலிருந்து தொடங்க நேர்ந்ததும் பழைய அமைப்பு முழுவதும் ஆட்டம் கண்டது. 2013-இல், மேல் லீக்குக்கு ஒன்று, கீழ்ப் பிரிவுகளுக்கு ஒன்று என்று இருந்த இரண்டு லீக் நிர்வாகங்களும் ஒன்றாகி எஸ்.பி.எஃப்.எல். பிறந்தது, அதே வருடம் தெற்கில் லோலேண்ட் லீக் தொடங்கியது. ஹைலேண்ட் லீக் 1893-இலிருந்தே இருப்பது. ஆக வடக்கில் நூற்றாண்டு கண்ட மரம், தெற்கில் நேற்று நட்ட கன்று, இரண்டுக்கும் ஒரே மரியாதை. ஹைலேண்ட் பக்கம் இதில் புகைச்சல் இல்லாமல் இல்லை.

ப்ளே-ஆஃப் எப்படி நடக்கிறது?

2014-15 சீசனில் தொடங்கிய முறை இது. ஹைலேண்ட் சாம்பியனும் லோலேண்ட் சாம்பியனும் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இரண்டு ஆட்டம் மோத வேண்டும். அதில் வெல்பவர் லீக் டூவில் கடைசியாக வந்த, அதாவது நாட்டின் 42-ஆவது கிளப்போடு இன்னும் இரண்டு ஆட்டம். அதிலும் வென்றால் மேலே.

முதல் வருடம் பிரோரா ரேஞ்சர்ஸ். சதர்லண்ட் கடற்கரையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமம். எடின்பரோ சிட்டியைப் பெனால்டியில் தாண்டி, மான்ட்ரோஸை வீட்டில் 1-0 என்று வீழ்த்தி, மறு ஆட்டத்தில் 3-1 என்று தோற்று, ஒரு கோலில் வாய்ப்பைக் கோட்டைவிட்டது. தப்பிப் பிழைத்த மான்ட்ரோஸ் மூன்று வருடத்தில் லீக் டூ சாம்பியன் ஆனது. ஒரு கோலின் விலை அவ்வளவு.

2016-இல் கதவு முதல்முறை திறந்தது. எடின்பரோ சிட்டி உள்ளே. வெளியே போனது வேறு யாருமல்ல, ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர். பிறகு 2019-இல் கோவ் ரேஞ்சர்ஸ், 2021-இல் கெல்ட்டி ஹார்ட்ஸ், 2022-இல் பானிரிக் ரோஸ், 2023-இல் ஸ்பார்ட்டன்ஸ், 2025-இல் ஈஸ்ட் கில்பிரைட். 2008-இல் ஓட்டில் தோற்ற நால்வரில் மூவர் ஆடி ஜெயித்து நுழைந்துவிட்டார்கள். பிரமிடுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இறங்கும் கிளப் எங்கே போகும்?

வரைபடத்தைப் பொறுத்தது. டே நதியின் (பெயரே அதுதான், யாரையும் அதட்டவில்லை) சாலைப் பாலத்தின் நடுப்புள்ளி எந்த அட்சரேகையில் இருக்கிறதோ அதுதான் எல்லை. வடக்கே இருந்தால் ஹைலேண்ட், தெற்கே இருந்தால் லோலேண்ட்.

2019-இல் கோவ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 7-0 என்று நொறுங்கிய பெரிக் ரேஞ்சர்ஸ் லோலேண்டுக்குப் போனது. பெரிக் இங்கிலாந்து மண்ணில் இருக்கும் ஊர். ஆனால் ஸ்காட்லாந்து லீக்கில்தான் காலங்காலமாக ஆடுகிறது. 1967-இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் ரேஞ்சர்ஸையே 1-0 என்று கவிழ்த்த கிளப்.

பிரீக்கின் சிட்டியின் வீழ்ச்சிதான் எனக்கு மறக்காதது. 2017-18-இல் இரண்டாம் அடுக்கில் ஆடி, 36 ஆட்டத்தில் ஒன்றைக்கூட வெல்லாமல் 4 டிராவோடு இறங்கியது. அடுத்த வருடம் இன்னொரு படி. 2021-இல் கெல்ட்டியிடம் தோற்று ஹைலேண்ட் லீக். மைதானத்தின் ஒரு பக்கம் சுவருக்குப் பதில் வேலிச்செடி வளர்த்து வைத்திருக்கும் அழகான சின்ன கிளப். சரிய ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இறங்கியவர்கள் திரும்ப ஏறுகிறார்களா என்றும் கேட்கிறார்கள். ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர், பெரிக், பிரீக்கின், கவுடன்பீத், ஆல்பியன் ரோவர்ஸ்: 2025 வரை ஒன்றுகூட ஏறவில்லை. பிரீக்கின் 2023-இல் ஹைலேண்ட் சாம்பியனாக வந்து, ஸ்பார்ட்டன்ஸிடம் பெனால்டியில் தோற்றது.

‘ஜூனியர்’ கிளப் என்றால் சிறுவர் அணியா?

எல்லோரும் விழும் குழி இது. இல்லை. தாடி வைத்த, முழங்காலில் தையல் போட்ட, முப்பது தாண்டிய ஆட்கள் ஆடுவது. ‘ஜூனியர்’ என்பது வயதல்ல, கிளப்பின் வகை. 1886-இலிருந்து அவர்களுக்குத் தனிச் சங்கம், தனி லீக்குகள், தனிக் கோப்பை. எர்ஷயர், லானர்க்ஷயர், ஃபைஃப் பக்கத்துச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ஆட்டம். நிலக்கரிச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகியும் கிளப் மட்டும் மூடவில்லை.

இவர்களில் ஆக்கின்லெக் டால்பட் ஜூனியர் கோப்பையை மற்ற எல்லோரையும்விட அதிக தடவை எடுத்த கிளப். 2019 ஜனவரியில் அப்போது இரண்டாம் அடுக்கில் இருந்த ஏர் யுனைடெடை ஸ்காட்டிஷ் கோப்பையில் 1-0 என்று அனுப்பி வைத்தது.

அவ்வளவு பலமிருந்தும் அவர்கள் ஏன் முதலிலேயே பிரமிடில் சேரவில்லை?

சேர அவசியமில்லை என்று நினைத்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. பக்கத்து ஊர் பகையாளியோடு ஆடினால் வாசலில் கூட்டம். ஆக்கின்லெக்குக்கு கம்னாக்கோடு மோதும் சனிக்கிழமைதான் தீபாவளி. அதை விட்டுவிட்டு நூறு மைல் தள்ளி முகம் தெரியாத அணியோடு ஆடப்போய் என்ன லாபம்? சொந்தச் சங்கம், சொந்தக் கோப்பை, சொந்த விதி. வரவேற்பறையில் காத்திருந்து விண்ணப்பப் படிவம் நிரப்ப அவர்கள் பழக்கப்பட்டவர்கள் அல்ல.

மனம் மாற்றியது ஒரே கிளப். ஃபைஃபில் உள்ள கெல்ட்டி ஹார்ட்ஸ் 2017-இல் ஜூனியரிலிருந்து விலகி கிழக்கு ஸ்காட்லாந்து லீக்கில் சேர்ந்தது. ஒரே வருடத்தில் லோலேண்ட் லீக். அதைப் பார்த்ததும் 2018-இல் கிழக்குப் பக்க ஜூனியர் கிளப்கள் இருபதுக்கு மேல் கூட்டமாக வந்து சேர்ந்தன. அந்த லீக்கை மூன்றாகப் பிரித்து நடத்த வேண்டியதாயிற்று. பானிரிக் ரோஸ் அந்தக் கூட்டத்தில் வந்ததுதான். 2020-இல் மேற்கும் மொத்தமாக வந்தது: மேற்கு ஸ்காட்லாந்து லீக் என்று புதிதாகத் தொடங்கி, அறுபதுக்கும் மேற்பட்ட ஜூனியர் கிளப்கள் ஒரே மூச்சில் உள்ளே.

பல வருடம் பேச்சுவார்த்தை நடத்தியும் அதிகாரிகளால் முடியாததை, பக்கத்து ஊர்க்காரன் ஏறிவிட்டானே என்ற வயிற்றெரிச்சல் மூன்றே வருடத்தில் முடித்துக் கொடுத்தது.

ஒரு கிளப் பிரமிடில் மேலே போக ஜெயித்தால் போதுமா?

போதாது. உரிமம் வேண்டும். ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம் தரும் கிளப் உரிமத்தில் நுழைவு நிலை, வெண்கலம், வெள்ளி என்று படிகள் உண்டு. மின்விளக்குக் கோபுரம், உடை மாற்றும் அறைகளின் அளவு, பார்வையாளருக்குக் கூரை, கணக்கு வழக்கு, சிறுவர் பயிற்சி என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சின்ன கிளப்புக்கு மிகப் பெரிய செலவு பெரும்பாலும் விளக்குதான்.

2024-இல் பக்கி திசில் ஹைலேண்ட் லீக்கை வென்றது. தேவையான உரிமம் கைவசம் இல்லாததால் ப்ளே-ஆஃபில் ஆடவே விடவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. லோலேண்ட் சாம்பியன் ஈஸ்ட் கில்பிரைட் முதல் மோதலை ஆடாமலேயே, லீக் டூவில் கடைசியாக வந்த ஸ்ட்ரான்ராரை நேராகச் சந்தித்து, அதில் தோற்றது. எதிராளி இல்லாமல் கிடைத்த பாதியையும் அந்த வருடம் அவர்களால் பயன்படுத்த முடியவில்லை.

பானிரிக் ரோஸுக்கு வந்த சோதனை இன்னும் விசித்திரம். அவர்களுடைய நியூ டண்டாஸ் பார்க் மைதானம் சரிவானது. ஒரு பாதியில் மேடேறி ஆட வேண்டும், மறு பாதியில் பள்ளத்தில் ஓடலாம். ஊர்க்காரர்களுக்கு அது பெருமை. லீக்கின் அளவுகோலுக்கு அது குற்றம். 2024-25 சீசனில் சரிவைச் சரி செய்யாததற்காக 6 புள்ளி பறிபோனது. அந்த சீசனில் கடைசியாக வந்து, ப்ளே-ஆஃபில் ஈஸ்ட் கில்பிரைட்டிடம் தோற்று இறங்கினார்கள். விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானத்தின் சாய்வுக்காக ஒரு கிளப்பைத் தண்டிக்கும்போது, ஐந்து வருடம் கடைசியில் வந்தும் யாரும் தொடாத காலம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கொரோனா வருடத்தில் என்ன நடந்தது?

2020-இல் சீசனைப் பாதியில் முடித்தார்கள். எடின்பரோவின் பெரிய கிளப்பான ஹார்ட்ஸ் (கெல்ட்டி ஹார்ட்ஸ் வேறு), பார்ட்டிக் திசில், ஸ்ட்ரான்ரார் மூன்றும் ஆடாத ஆட்டங்களின் பெயரில் ஒரு படி இறக்கப்பட்டன. ஆனால் பிரமிடு ப்ளே-ஆஃப் மட்டும் ரத்து. லோலேண்டில் கெல்ட்டியும் ஹைலேண்டில் பிரோராவும் சாம்பியன்கள். இருவருக்கும் வாசல் அடைப்பு. லீக் டூ கடைசியில் இருந்த பிரீக்கின் அப்படியே தப்பியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

மறுவருடம் இன்னும் கூத்து. ஹைலேண்ட் லீக்கும் பாதியில் நின்றது. மூன்றே ஆட்டம் ஆடியிருந்த பிரோராவைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். அதே பிரோரா அந்த மார்ச்சில் ஹார்ட்ஸைக் கோப்பையில் 2-1 என்று வென்றது. ப்ளே-ஆஃபில் கெல்ட்டியிடம் தோற்றது. கெல்ட்டி போய், ஒரு வருடம் முன்பு தப்பித்த பிரீக்கினை இறக்கியது. கணக்கு ஒரு வருடம் தாமதமாகத் தீர்ந்தது.

பெரிய கிளப்களின் ‘பி’ அணிகள் லோலேண்ட் லீக்குக்கு ஏன் வந்தன?

ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் தங்கள் இளைஞர்களுக்கு வளர்ந்த ஆட்களோடு ஆடும் வாய்ப்பு வேண்டும் என்றன. 2021-22-இலிருந்து விருந்தாளிகளாக அனுமதித்தார்கள். பின்னர் ஹார்ட்ஸும் வந்தது. இந்த அணிகள் மேலே ஏற முடியாது. 2023-இல் ‘பி’ அணிகளையும் சேர்த்து ஐந்தாம் அடுக்கில் புதிதாக ஒரு லீக்கையே நுழைக்கும் யோசனை வந்தது. அப்படி நடந்திருந்தால் ஹைலேண்டும் லோலேண்டும் ஒரு படி கீழே போயிருக்கும். எதிர்ப்பில் அது படுத்துவிட்டது. படுத்தது நல்லது. ஏணியில் ஏறுபவன் தலைமேல் விருந்தாளிக்கு நாற்காலி போடுவது என்ன நாகரிகம்?

சின்ன கிளப் மேலே போய்த் தாக்குப்பிடிக்குமா?

கோவ் ரேஞ்சர்ஸ் 2019-இல் நுழைந்து 2022-இல் இரண்டாம் அடுக்கில் நின்றது. கெல்ட்டி நுழைந்த முதல் சீசனிலேயே லீக் டூவை வென்றது. ஓட்டில் வந்தவர்களையும் பாருங்கள்: ராஸ் கவுன்ட்டி 2016-இல் லீக் கோப்பையையும், இன்வெர்னெஸ் கலிடோனியன் திசில் 2015-இல் ஸ்காட்டிஷ் கோப்பையையும் எடுத்தன. வெளியே நின்றபோது இவர்களைத்தான் ‘தரம் போதாது’ என்றார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் கிரெட்னா. ஒரே பணக்காரரின் பையை நம்பி மூன்று வருடத்தில் மூன்று பிரிவுகளை வென்று, 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸைப் பெனால்டி வரை இழுத்து, 2007-இல் மேல் லீக்கில் கால் வைத்து, அவர் உடல்நலம் குன்றியதும் 2008-இல் கிளப்பே இல்லாமல் போனது. அது ஏணியின் குற்றமல்ல, ஏறிய அவசரம்.

ஆறாம் அடுக்கில் என்ன தரம் என்று இன்னும் சந்தேகமென்றால் 2023 ஜனவரி 23-ஐப் பாருங்கள். எர்ஷயரின் டார்வெல் அன்றிரவு ஸ்காட்டிஷ் கோப்பையில் மேல் லீக் கிளப்பான அபர்டீனை 1-0 என்று வென்றது. நடுவே ஐந்து படி.

மேலே ஏற வருடத்துக்கு ஒரு கிளப்புக்கு மட்டும் வாய்ப்பு, அதுவும் ப்ளே-ஆஃப் வழியாக மட்டும். இது நியாயமா?

என் பதில்: இல்லை. மற்ற எல்லாப் பிரிவிலும் கடைசியாக வந்தவர் நேராக இறங்குகிறார், முதலில் வந்தவர் நேராக ஏறுகிறார். ப்ளே-ஆஃப் அதற்கு மேல் கூடுதல். அடிக்கதவில் மட்டும்தான் சாம்பியன் இரண்டு எதிராளியைத் தாண்ட வேண்டும், 36 ஆட்டம் ஆடிக் கடைசியாக வந்தவர் ஒருவரைத் தடுத்தால் போதும். 2017-இல் கவுடன்பீத் ஈஸ்ட் கில்பிரைட்டைப் பெனால்டியில் தடுத்தது. 2018-இல் கோவைத் தடுத்தது. 2022-இல்தான் பானிரிக்கிடம் பிடி விட்டது.

ஏன் மாற்றவில்லை என்றால், மாற்ற ஓட்டுப் போட வேண்டியவர்களே அந்தக் கதவின் உள்பக்கம் நிற்கிறார்கள். சீசனைப் பாதியில் முடித்த 2020 தீர்மானத்துக்கு லீக் ஒன், லீக் டூ சேர்ந்த 20 கிளப்களில் 15 தேவைப்பட்டன. அந்தக் கணக்குப்படி ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் நகராது. லீக் டூவில் இருப்பதோ பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் அடுத்த வருடம் தானே கடைசியாகலாம் என்று தெரியும்.

அடுத்த மாற்றம் என்ன?

லோலேண்ட் லீக்கை 2026-27 சீசனிலிருந்து கிழக்கு, மேற்கு என இரண்டாக்கும் முடிவு. ஆறாம் அடுக்கில் முட்டிக்கொண்டு நிற்கும் முன்னாள் ஜூனியர் கிளப்களுக்கு இது மூச்சு விட இடம். பயணச் செலவும் குறையும், பக்கத்து ஊர்ச் சண்டையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஐந்தாம் அடுக்கில் இனி வருடத்துக்கு மூன்று சாம்பியன்கள் வருவார்கள். மேலே காலியாகக்கூடிய நாற்காலி அதே ஒன்றுதான், அதிலும் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.